லுத்தரன் குருவாகப் படிக்க வேண்டுமா? செமினரி (இறையியல் கல்லூரி) விண்ணப்பம் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

எனக்கு ஒரு முழு ஆண்டு வீணாகப் போனது. நுழைவுத் தேர்வில் தோற்றுப் போகவில்லை, தேர்வு எழுத அழைப்பே வரவில்லை. நல்ல மதிப்பெண்ணோடு பி.எஸ்சி. முடித்திருந்தேன், ஞாயிறு பள்ளியில் ஆறு ஆண்டு பாடம் எடுத்திருந்தேன், விண்ணப்பத்தைக் கவனமாக நிரப்பிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேன். ஆனால் அதோடு என் திருச்சபைத் தலைமையின் பரிந்துரைக் கடிதம் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று சொல்ல எனக்கு யாரும் இல்லை, வீட்டில் நான்தான் முதல் ஆள். இப்போது படிப்பை முடித்து ஒரு கிராமச் சேகரத்தில் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள சபைப் பகுதியில்) இருக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் பிள்ளைகள் யாராவது வந்து "அண்ணே, எந்த செமினரிக்குப் போகலாம்?" என்று கேட்கும்போது அவர்களும் அதே தவறான முனையிலிருந்து தொடங்குவதைப் பார்க்கிறேன். அதனால்தான் எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டில் லுத்தரன் சபைகளில், அதாவது மார்ட்டின் லூத்தரின் வழி வந்த புராட்டஸ்டன்ட் சபைகளில், இருப்பவர்களை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் திருச்சபை, அப்புறம்தான் செமினரி

இன்ஜினியரிங் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது போல இதைத் தேர்ந்தெடுக்க முடியாது. செமினரி உங்களுக்குப் பட்டம் தரும், குருவாக்காது. உங்களை அபிஷேகம் செய்வது உங்கள் திருச்சபை. லுத்தரன் சபைகளின் அடிப்படை ஆவணமான 1530ஆம் ஆண்டின் அவுஸ்பர்க் விசுவாச அறிக்கையில் 14ஆம் பகுதி மிகச் சிறியது. முறையாக அழைக்கப்படாத எவரும் சபையில் வெளிப்படையாகப் போதிக்கவோ திருவருட்சாதனங்களை (ஞானஸ்நானம், திருவிருந்து) வழங்கவோ கூடாது என்பதுதான் அதன் பொருள். லுத்தரன் சபைகளின் தேர்வு முறை முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. உங்கள் மனதில் தோன்றிய அழைப்பை ஒரு சபை வெளியிலிருந்து உறுதி செய்ய வேண்டும். அந்த உறுதி காகிதத்தில் இல்லாவிட்டால் செமினரி உங்களை எடுத்துக்கொள்ளாமல் போகலாம், அல்லது நான்கு ஆண்டு படித்துவிட்டு வந்தபின் சபை உங்களை எடுத்துக்கொள்ளாமல் போகலாம். இரண்டாவது நிலைதான் கொடுமை. கையில் பட்டத்தோடு வேறு வேலை தேடும் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

எனவே முதல் கேள்வி, நீங்கள் எந்தத் திருச்சபையின் அங்கத்தினர்? தமிழ்நாட்டில் முக்கியமாக மூன்று இருக்கின்றன. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை (டி.இ.எல்.சி.), தலைமையகம் திருச்சி. ஆற்காடு லுத்தரன் திருச்சபை (ஏ.எல்.சி.), தலைமையகம் கடலூர். நாகர்கோவில், ஆம்பூர் பகுதிகளில் வேரூன்றிய இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை (ஐ.இ.எல்.சி.). மூன்றும் லுத்தரன்தான், ஆனால் ஒன்றின் வேட்பாளர் மற்றொன்றுக்குத் தானாக மாறிவிட முடியாது. மூன்றுக்கும் தேர்வுக் குழுவும் விதிகளும் தனித்தனி.

வேறு சபையிலிருந்து சமீபத்தில் வந்து சேர்ந்தவராக இருந்தால், எத்தனை ஆண்டு அங்கத்தினராக இருந்திருக்க வேண்டும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

பெண்கள் இந்தப் படியிலேயே இன்னொன்றையும் கேட்டுவிட வேண்டும். இந்தியாவின் லுத்தரன் திருச்சபைகள் பெண்களுக்குக் குரு அபிஷேகம் கொடுப்பதில் ஒரே நிலையில் இல்லை. செமினரி பெண்களைச் சேர்க்கிறது என்பதால் சபை அபிஷேகம் கொடுக்கும் என்று ஆகிவிடாது. "படித்து முடித்தபின் எனக்கு என்ன பணி தருவீர்கள், அபிஷேகம் உண்டா?" என்று தலைமையகத்திலேயே நேராகக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படும் கேள்வி இது இல்லை, உங்கள் வாழ்க்கை இதில் இருக்கிறது.

2. சபை ஐயரிடம் ஓர் ஆண்டு முன்பே சொல்லுங்கள்

வழி பொதுவாக இப்படித்தான் போகும்: சபை ஐயர் (நம் சபைகளில் குருவை ஐயர் என்றுதான் சொல்வோம்), சேகரக் குழு, அப்புறம் திருச்சபைத் தலைமை. ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டம் நடக்க வேண்டும், அந்தக் கூட்டத்தில் உங்கள் பெயர் தீர்மானமாகப் பதிவாக வேண்டும். கூட்டங்கள் நீங்கள் நினைக்கும் நேரத்தில் நடக்காது. எங்கள் சேகரக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கூடியது. அதிலும் ஒரு முறை அறுவடைப் பண்டிகைக்காகத் தள்ளிப்போனது, ஒரு முறை ஐயருக்கு இடமாற்றம் வந்துவிட்டது.

இடமாற்றம் என்பதைக் கவனியுங்கள். உங்களைச் சிறு வயதிலிருந்து அறிந்த ஐயர் மாறிப் போனால், புதிதாக வந்தவர் உங்களைப் பற்றி என்ன எழுத முடியும்? ஆகவே அவர் இருக்கும்போதே கடிதத்தைக் கேட்டு வாங்கி, தேதியும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சில செமினரிகள் ஐயரின் கடிதம் ஒட்டிய உறையில் நேராக வர வேண்டும் என்று கேட்கும், அது வேறு. திருச்சபைக் கோப்புக்கு ஒன்று தனியாகத் தேவைப்படும்.

தீர்மானம் நிறைவேறியதும் அதன் நகலைக் கேளுங்கள். "அனுப்பிவிட்டோம், போய்ச் சேரும்" என்று சொல்வார்கள். நானும் அதை நம்பித்தான் இருந்தேன். பிறகு தலைமையகத்துக்கு நானே போய் விசாரித்தபோது அங்கே எதுவும் வந்து சேர்ந்திருக்கவில்லை. தயங்காமல் நேரில் போங்கள், மரியாதையாகக் கேளுங்கள், யாரிடம் கொடுத்தீர்கள், என்று கொடுத்தீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

3. எந்தப் பட்டம் என்பதில் ஏமாறாதீர்கள்

நம் லுத்தரன் சபைகளும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபைகளும் குருத்துவப் படிப்பாகப் பொதுவாக எதிர்பார்ப்பது செராம்பூர் செனட்டின் பி.டி. (பேச்சிலர் ஆஃப் டிவினிட்டி) பட்டம். மேற்கு வங்கத்தில் உள்ள செராம்பூர் கல்லூரியின் செனட், நாடு முழுவதும் உள்ள இறையியல் கல்லூரிகளை இணைத்துக்கொண்டு பல்கலைக்கழகம் போலப் பட்டம் வழங்குகிறது. நீங்கள் மதுரையில் படித்தாலும் சென்னையில் படித்தாலும் பட்டத்தில் செராம்பூர் என்றுதான் இருக்கும். கல்லூரிப் பட்டதாரிகளுக்கு பி.டி. வழக்கமாக 4 ஆண்டு. பிளஸ் டூ முடித்தவர்களுக்கு 5 ஆண்டு, ஆனால் எல்லாத் திருச்சபையும் பிளஸ் டூவோடு அனுப்புவதில்லை. உங்கள் சபை ஏதாவது ஒரு பட்டத்தை முதலில் கேட்கலாம்.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. சுவரொட்டிகளிலும் வாட்ஸ்அப்பிலும் "ஆறு மாதத்தில் இறையியல் பட்டம்", "வீட்டிலிருந்தே டாக்டர் பட்டம்" என்று வரும். நல்ல மனதோடு நடத்தும் சிறு வேதாகமப் பள்ளிகள் இருக்கின்றன, அவற்றைக் குறை சொல்லவில்லை, வேதம் கற்க அவை உதவும். ஆனால் லுத்தரன் குருவாக வேண்டும் என்றால் சேர்வதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தக் கல்லூரி செராம்பூர் செனட்டோடு இணைந்ததா, எந்தப் படிப்புக்காக இணைந்தது? என் திருச்சபை இந்தப் பட்டத்தை அபிஷேகத்துக்கு ஏற்குமா? முதல் கேள்விக்குச் செனட்டிடமே விசாரியுங்கள், இரண்டாவதுக்கு உங்கள் தலைமையகத்திலிருந்து எழுத்தில் வாங்குங்கள். எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் மூன்று ஆண்டும் அப்பா அம்மா சேர்த்து வைத்த பணமும் இப்படித்தான் இழந்தான்.

4. எந்த செமினரி?

உண்மையைச் சொன்னால், இதில் உங்களுக்குக் கிடைக்கும் சுதந்திரம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. திருச்சபை செலவை ஏற்று அனுப்பும்போது எங்கே அனுப்புவது என்பதை அதுவே முடிவு செய்யலாம். ஆனாலும் உங்கள் விருப்பத்தை நேர்காணலில் கேட்பார்கள். அப்போது காரணத்தோடு பேசத் தெரிய வேண்டும்.

சென்னை கீழ்ப்பாக்கத்தில், புரசைவாக்கம் நெடுஞ்சாலையில் இருக்கிறது குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி. இந்திய லுத்தரன் திருச்சபைகளின் பொதுவான கல்லூரி அது. பாடமொழி ஆங்கிலம். தெலுங்கு பேசுபவர், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர், வடகிழக்கிலிருந்து வந்தவர் எல்லோரோடும் ஒரே விடுதியில் இருப்பீர்கள். லூத்தரின் இறையியலை ஆழமாகப் படிக்க விரும்பினால் இது இயல்பான இடம். தலித் இறையியலை ஒரு துறையாகவே வளர்த்த கல்லூரியும் இதுதான். பின்னால் எம்.டிஎச். (முதுகலை இறையியல்) படிக்க ஆசை இருந்தால் ஆங்கிலத்தில் படித்த அடித்தளம் பெரிதாக உதவும்.

மதுரை அரசரடியில் இருப்பது தமிழ்நாடு இறையியல் கல்லூரி. இது லுத்தரன் மட்டும் இல்லை, சி.எஸ்.ஐ.யும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து நடத்துவது. இதன் பெரிய பலம் தமிழ். தமிழில் பாடம், தமிழில் தேர்வு, தமிழில் பிரசங்கப் பயிற்சி. பரட்டை என்று எல்லோரும் அழைத்த ஆசிரியர் தியோபிலஸ் அப்பாவு இங்கேதான் நாட்டுப்புற மெட்டுகளை ஆராதனைக்குள் கொண்டுவந்தார். மாணவர்கள் வளாகத்தை விட்டு வெளியே போய், ஏழை மக்கள் குடியிருப்புகளில் தங்கிப் படிக்கும் பயிற்சியும் இந்தக் கல்லூரிக்கு உரியது. குடும்பம் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

நாகர்கோவிலில் உள்ள கன்கார்டியா, ஐ.இ.எல்.சி.யின் சொந்த செமினரி. அமெரிக்காவின் மிசூரி சினாடு என்ற லுத்தரன் திருச்சபையின் மிஷன் வழி வந்தது. அந்த மரபு 1580ஆம் ஆண்டின் கன்கார்டு நூலுக்கு, அதாவது லுத்தரன் விசுவாச அறிக்கைகளின் தொகுப்புக்கு, மிகுந்த அழுத்தம் கொடுப்பது. ஐ.இ.எல்.சி. பிள்ளைகள் முதலில் இங்கே விசாரியுங்கள்.

பெங்களூரு மில்லர்ஸ் சாலையில் உள்ள ஐக்கிய இறையியல் கல்லூரியிலும் லுத்தரன் மாணவர்கள் படிக்கிறார்கள். பல சபைகளின் கல்லூரி, ஆங்கில வழி, பெரிய நூலகம், பாடச் சுமையும் அதிகம்.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். தமிழா ஆங்கிலமா என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, ஆனால் பிள்ளைகள் இதைக் கடைசியாகத்தான் யோசிக்கிறார்கள். ஆங்கிலத்தில் நான்கு ஆண்டு படித்துவிட்டு வந்து, நாற்று நட்டுவிட்டுக் களைத்துப் போய்ச் சனிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காமாரிடம் "விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல்" என்பதை அவர்கள் பேச்சில் சொல்ல முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழிலேயே படித்துவிட்டு, மேற்படிப்பில் ஆங்கிலக் கட்டுரை எழுத முடியாமல் நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். கிராமச் சேகரம்தான் உங்கள் அழைப்பு என்று உள்ளத்தில் உறுதி இருந்தால் தமிழில் படியுங்கள். ஆசிரியப் பணி, ஆராய்ச்சி என்ற எண்ணம் இருந்தால் ஆங்கிலம். தெரியவில்லை என்றால், உங்கள் ஆங்கிலம் எந்த நிலையில் இருக்கிறது என்று நேர்மையாகப் பாருங்கள். முதலாண்டு முழுவதும் அகராதியோடு போராடினால் எபிரேயத்துக்கும் கிரேக்கத்துக்கும் நேரம் இருக்காது.

பல சபைகள் சேர்ந்து நடத்தும் கல்லூரிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும். அங்கே லுத்தரன் அறிக்கைகளைத் தனிப் பாடமாகக் கற்பிக்கிறார்களா, லுத்தரன் ஆசிரியர் இப்போது இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்களாகவே படிக்கும் கடமை உங்களுடையது. சபை நேர்காணலில் ஞானஸ்நானம், திருவிருந்து பற்றி லுத்தரன் போதனையைத்தான் கேட்பார்கள்.

5. ஒரு நாளாவது போய்த் தங்கிப் பாருங்கள்

முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். காலை ஆராதனையில் உட்காருங்கள், ஒரு வகுப்பில் அனுமதித்தால் கடைசி பெஞ்சில் உட்காருங்கள், மதியம் விடுதியில் சாப்பிடுங்கள். முதலாண்டு மாணவர்களிடம் கேட்காதீர்கள், அவர்களுக்கு எல்லாம் புதிது. மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் கேளுங்கள். வார இறுதிச் சபைப்பணிக்கு எங்கே அனுப்புகிறார்கள், பேருந்துக் கட்டணம் யார் கொடுக்கிறார்கள், மொழிப் பாடத்தில் எத்தனை பேர் தவறுகிறார்கள், திருமணமானவர்களுக்கு வீடு கிடைக்க எவ்வளவு காலம் ஆகிறது, உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்க்கிறார்கள். இந்தப் பதில்கள் எந்த விளக்கக் கையேட்டிலும் கிடைக்காது.

6. காகிதங்கள்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. மதிப்பெண் பட்டியல்கள், டி.சி., பட்டச் சான்று அல்லது தற்காலிகச் சான்று, நன்னடத்தைச் சான்று, மருத்துவச் சான்று, ஆதார், புகைப்படங்கள், இவையெல்லாம் எந்தக் கல்லூரிக்கும் கேட்பவைதான். இங்கே கூடுதலாக ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் சான்று (வளர்ந்த பின் விசுவாசத்தை அறிக்கையிட்டுச் சபையில் உறுதிப்படுவதற்கானது), சபை அங்கத்தினர் சான்று, திருமணமானவர் என்றால் சபைத் திருமணச் சான்று, உங்கள் அழைப்பைப் பற்றி நீங்களே எழுதும் சாட்சிக் கட்டுரை எல்லாம் வேண்டும்.

ஞானஸ்நானச் சான்றை இன்றே தேடத் தொடங்குங்கள். நம்மில் பலருக்கு ஞானஸ்நானம் நடந்தது அம்மா பிறந்த ஊரில். எனக்கும் அப்படித்தான். சான்று தொலைந்துவிட்டது. அந்தச் சபையின் பதிவேட்டில் இருந்து எழுதி வாங்க மூன்று முறை போக வேண்டியிருந்தது. முதல் முறை ஐயர் ஊரில் இல்லை, இரண்டாம் முறை பழைய பதிவேடு வேறு சேகரத்தின் அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்தது, மூன்றாம் முறை கிடைத்தது. தோராயமான தேதியும் அன்றைய ஐயரின் பெயரும் பாட்டியிடம் கேட்டுக்கொண்டு போனால் பதிவேட்டில் தேடுவது எளிது.

அப்புறம் பெயர். ஞானஸ்நானத்தில் சாமுவேல், பள்ளிச் சான்றில் செல்வகுமார். இது நம் வீடுகளில் மிகச் சாதாரணம். இன்ஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், ஒன்றில் தாத்தா பெயரும் சேர்ந்து. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எடுத்து வையுங்கள். முடிந்தால் அரசிதழில் பெயர் மாற்றமே செய்துவிடுங்கள், பட்டமும் அபிஷேகச் சான்றும் ஒரே பெயரில் வரும். எல்லா விண்ணப்பத்திலும் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே பெயர் எழுதுங்கள்.

சாட்சிக் கட்டுரையை யாரிடமும் எழுதி வாங்காதீர்கள். நேர்காணலில் அதை வைத்துத்தான் கேள்வி கேட்பார்கள். கனவு, தரிசனம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். உங்கள் சபையில் நீங்கள் என்ன செய்தீர்கள், அதில் யார் உங்களைத் தட்டிக்கொடுத்து "நீ இதற்குப் போகலாம்" என்று சொன்னார்கள் என்று எழுதினாலே போதும்.

7. பணம்

கட்டணத்தைக் கேட்கும்போது ஒரே தொகையாகக் கேட்காதீர்கள். கல்விக் கட்டணம், விடுதி, உணவு, நூலகம், செராம்பூர் பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம், களப்பணிச் செலவு, புத்தகம் என்று பிரித்துக் கேளுங்கள். திருச்சபை உதவித்தொகை தருகிறது என்றால் இவற்றில் எதை எதைத் தருகிறது, எந்த மாதம் தருகிறது என்று கேளுங்கள். பல மாணவர்களுக்குத் தொகை தாமதமாகத்தான் வரும், அதுவரை விடுதிக் கட்டணம் காத்திருக்காது. முதல் ஆறு மாதத்துக்கு நீங்களே சமாளிக்கும் அளவு கையில் வைத்துக்கொண்டு சேருங்கள்.

எனக்குச் சேர்வதற்கு முன்பே, பயணம், நகல், நோட்டரி, மருத்துவப் பரிசோதனை, விண்ணப்பக் கட்டணம் என்று 7,000 ரூபாய்க்கு மேல் ஆனது. யாரும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உதவித்தொகையோடு ஓர் ஒப்பந்தம் வரும். இத்தனை ஆண்டு திருச்சபையில் பணி செய்ய வேண்டும், இல்லையென்றால் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று இருக்கும். அது நியாயம்தான். ஆனால் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். திருச்சபை உங்களுக்குப் பணியிடம் தராவிட்டால் என்ன ஆகும் என்பது அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் கடன் இருந்தால், அல்லது தங்கை கல்யாணம் உங்கள் சம்பளத்தை நம்பி இருந்தால், அதை ஐயரிடம் முதலிலேயே திறந்து சொல்லுங்கள். மறைத்துவிட்டுப் போனவர்கள் பாதியில் திரும்பியிருக்கிறார்கள்.

8. தேர்வும் நேர்காணலும்

பெரும்பாலும் இரண்டு முறை நடக்கும், சபையில் ஒன்று, செமினரியில் ஒன்று. எழுத்துத் தேர்வில் வேதாகம அறிவும் மொழியறிவும் முக்கியம். ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை ஒரு முறையாவது முழுதாக வாசித்திருக்க வேண்டும். பிடித்த சங்கீதங்களை மட்டும் தெரிந்துகொண்டு போகாதீர்கள். லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தை, அதாவது கேள்வி பதிலாக விசுவாசத்தைக் கற்பிக்கும் சிறு நூலை, திடப்படுத்தலுக்குப் பிறகு நாம் தொடுவதே இல்லை. பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், திருவிருந்து, ஒவ்வொன்றுக்கும் அதில் உள்ள விளக்கத்தை மறுபடி மனப்பாடம் செய்யுங்கள்.

நேர்காணலில் கடினமான கேள்வி ஒன்று வரலாம்: உன் ஜாதி ஆட்கள் இல்லாத சபைக்கு அனுப்பினால் போவாயா? அழகான பதில் தயாரிக்க முயலாதீர்கள். போவேன் என்று மனதார முடிவு செய்துவிட்டு அதன் பிறகு நேர்காணலுக்குப் போங்கள்.

9. எப்போது எதைச் செய்வது

வகுப்புகள் பொதுவாக ஜூனில் தொடங்கும் என்று வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். முந்தைய ஆண்டு ஜூன், ஜூலையில் ஐயரிடம் சொல்லிவிட வேண்டும். செப்டம்பருக்குள் ஞானஸ்நானச் சான்றும் பெயர்ச் சிக்கலும் முடிய வேண்டும். நவம்பருக்குள் சேகரத் தீர்மானம், கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் அப்புறம் ஜனவரி வரை எந்த ஐயரையும் பிடிக்க முடியாது. டிசம்பரிலிருந்தே செமினரி அலுவலகத்துக்கு வாரம் ஒரு முறை போன் செய்து விண்ணப்பம் எப்போது, கடைசி நாள் எது என்று கேளுங்கள், தேதி ஆண்டுதோறும் மாறும். இறுதியாண்டு படிப்பவர்கள் முடிவு வரும் முன்பே விண்ணப்பிக்க முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் அனுமதிப்பார்கள்.

இடம் கிடைத்துவிட்டால், அசல் சான்றுகளைக் கொடுக்கும் முன் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து மெயிலில் போட்டு வையுங்கள், மூன்று நகல் எடுங்கள், கொடுத்ததற்குப் பட்டியலோடு ரசீது வாங்குங்கள். பெட்டியில் தமிழ் வேதாகமம், ஆங்கில வேதாகமம் ஒன்று, ஞானப்பாட்டுப் புத்தகம், சிறிய ஞானோபதேசம், வெள்ளைச் சட்டை இரண்டு. எபிரேய எழுத்துகளை அந்த மே மாத விடுமுறையிலேயே எழுதிப் பழகிவிடுங்கள், 22 எழுத்துதான்.